எல்லோருக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பவளின் நெஞ்சு வலி

1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லன்ட் நகரில் ஒரு மாநாடு கூட்டப்பட்டது. இதய நோய் பற்றிப் பெண்களுக்கென்றே அமெரிக்க இதயச் சங்கத்தினர் நடத்திய முதல் மாநாடு அதுதான். ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து குவிந்தார்கள். அந்த மாநாட்டுக்கு என்ன பெயர் சூட்டியிருந்தார்கள் தெரியுமா சகோதரிகளே? 'இதயங்களும் கணவர்களும்' என்று! கணவரின் இதயத்தை மாரடைப்பிலிருந்து காப்பாற்ற மனைவி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லிக் கொடுக்கப்பட்டது. மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களின் நெஞ்சுக்குள்ளும் ஓர் இதயம் இருக்கிறது, அதற்கும் நோய் வரக்கூடும் என்பது கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களுக்கும் தோன்றவில்லை. வந்திருந்தவர்களில் பலருக்கும் தோன்றியிருக்காது.

சிரிப்பு வருகிறதா? சிரிப்பதற்கு முன்னர் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் கொஞ்சம் பாருங்கள். வாப்பாவின் பிரஷர் குளிசை, மாமியின் சீனிக் குளிசை, கணவரின் கொலஸ்ட்ரோல் குளிசை. எதைச் சாப்பாட்டுக்கு முன்னர் கொடுப்பது, எதைப் பின்னர் கொடுப்பது என்பது உங்களுக்கு மனப்பாடம். யாருக்கு எந்தத் திகதியில் கிளினிக் என்பதும் தெரியும். சரி, உங்களுடைய பிரஷர் எவ்வளவு? இரத்தத்தில் சீனி எவ்வளவு? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? நம்மில் பலருக்குக் கடைசிப் பிள்ளையைச் சுமந்திருந்த காலத்தோடு அந்தக் கணக்கு நின்று போயிருக்கும். அந்தப் பிள்ளை இப்போது ஓ.எல். பரீட்சை எழுதுகிறது.

உலகம் முழுவதிலும் பெண்களின் உயிரைப் பறிக்கும் நோய்களில் முதலிடம் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் பற்றிய நோய்களுக்குத்தான். 2019ஆம் ஆண்டில் இறந்த பெண்களில் நூற்றுக்கு 35 பேர் இவற்றாலேயே இறந்தார்கள் என்று, 2021இல் வெளியான 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு அறிக்கை கூறுகிறது. பெண்களைக் கேட்டால் புற்றுநோய்க்கே அதிகம் பயப்படுகிறோம் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் கை, அதே மார்புக்குள் வலி வந்தால் மட்டும் ஓமத் தண்ணியையும் சித்தாலேபவையும் தேடிப் போகிறதே, அது ஏன்?

ஆண்களைப் பார்த்து எழுதப்பட்ட வைத்தியம்

மாரடைப்பு ஆண்களின் நோய் என்ற எண்ணம் வெறும் ஊர்ப் பேச்சு அல்ல. வைத்திய உலகமே நெடுங்காலம் அப்படித்தான் நடந்து கொண்டது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. பெண்களுக்கு இந்நோய் ஆண்களை விடச் சுமார் பத்து வருடம் பிந்தித்தான் பொதுவாக வருகிறது. நாற்பத்தைந்து வயதில் ஓர் ஆண் கடையில் நின்றபடியே சுருண்டு விழுந்தால் ஊரே அறியும். அறுபத்தைந்து வயதில் ஒரு பெண் இரவில் மூச்சுத் திணறி இறந்து போனால் 'வயசாகி மௌத்தாகி விட்டா' என்று சொல்லி ஜனாஸாவை எடுத்து விடுவோம். என்ன நோய் என்று கேட்க யாருக்கும் தோன்றாது.

இத்தனைக்கும் பெண்களைப் பற்றிய தகவல் இல்லாமலில்லை. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே 1948இல் ஆரம்பித்த புகழ்பெற்ற இதய ஆய்வில் முதலில் சேர்க்கப்பட்ட 5,209 பேரில் 2,873 பேர் பெண்கள். பாதிக்கும் மேல்! பிரஷர், கொலஸ்ட்ரோல், புகைத்தல் ஆகியவை மாரடைப்புக்கு வழிவகுக்கின்றன என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுவதற்கு அந்த ஆய்வும் ஒரு முக்கிய காரணம். சீனி வியாதி வந்துவிட்டால் பெண்ணுக்கு இயற்கையாக இருக்கும் அந்தப் பத்து வருட அவகாசம் கரைந்து போகிறது என்பதும் அங்கேதான் தெரிய வந்தது. நம் குடும்பங்களில் சீனி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் பணமும் பெரிய சோதனைகளும் போன திசை வேறு. அஸ்பிரின் குளிசை மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்க்க அமெரிக்காவில் நடந்த பெரும் சோதனையில் 22,071 டொக்டர்கள் பங்குபற்றினார்கள். அத்தனை பேரும் ஆண்கள். 1980களின் இறுதியில் வெளியான அதன் முடிவைக் கொண்டு உலகெங்கும் வைத்தியம் நடந்தது. பெண்ணின் உடலில் அந்தக் குளிசை எப்படி வேலை செய்யும் என்று தனியாகப் பார்க்க மேலும் பல வருடங்கள் சென்றன. இதற்கிடையில், 1984இலிருந்து ஏறத்தாழ முப்பது வருடங்களாக, அமெரிக்காவில் இதய, இரத்தக் குழாய் நோய்களால் வருடந்தோறும் இறந்தவர்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

1991இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. டொக்டர் பெர்னடீன் ஹீலி என்ற இதய நோய் நிபுணர், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களுக்குத் தலைமை தாங்கும் முதல் பெண்ணாக அவ்வருடம் பொறுப்பேற்றார். அதே வருடம் ஜூலை மாதத்தில் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ சஞ்சிகையில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒரே மாதிரியான இதய நோயோடு ஆஸ்பத்திரிக்கு வரும் ஆணுக்கு அஞ்சியோகிராம் போன்ற பரிசோதனைகள் செய்யப்படும் அளவுக்குப் பெண்ணுக்குச் செய்யப்படுவதில்லை என்பது அவற்றில் தெரிந்தது. அந்த இதழிலேயே ஹீலி ஓர் ஆசிரியத் தலையங்கம் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'யென்டில் நோய்க்குறி'.

யார் இந்த யென்டில்? ஐசக் பஷெவிஸ் சிங்கர் என்ற எழுத்தாளரின் ஒரு கதையில் வரும் யூதப் பெண். பெண்களுக்கு மார்க்கக் கல்வி மறுக்கப்பட்டிருந்த ஊரில், படிக்கும் ஆசையால் ஆண் வேடம் போட்டுக் கொண்டு போய்ப் படித்தவள். பெண் நோயாளியின் கதியும் அதுவே என்றார் ஹீலி. தனக்கும் ஆணுக்கு வருவது போன்ற மாரடைப்புத்தான் வந்திருக்கிறது என்று நிரூபித்துக் காட்டிய பிறகே அவளுக்கு ஆணுக்குரிய வைத்தியம் கிடைக்கிறது. அவர் எழுதியதன் சாரம் இவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர் வைத்திய உலகில் நிலைத்து விட்டது.

ஹீலி எழுதியதோடு நிற்கவில்லை. 50 முதல் 79 வயது வரையான பெண்களை மட்டும் வைத்து ஒரு மாபெரும் ஆய்வை ஆரம்பித்து வைத்தார். 1,61,808 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அரசாங்கப் பணத்தை இவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு 2002ஆம் ஆண்டு ஜூலையில் பதில் கிடைத்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இதயத்தைப் பாதுகாக்கும் என்று நம்பி டொக்டர்கள் எழுதிக் கொடுத்து வந்த கூட்டு ஹோர்மோன் குளிசை இதயத்தைக் காக்கவில்லை; மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டியது என்று கண்டு சோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள். எத்தனை இலட்சம் பெண்கள் அதுவரை அதை விழுங்கியிருப்பார்கள்! அந்தச் சோதனைக்குச் செலவான தொகை சுமார் 26 கோடி டொலர். அதன் பலனாகத் தவிர்க்கப்பட்ட நோய்களையும் செலவுகளையும் கணக்கிட்டவர்கள், நாட்டுக்குத் திரும்பி வந்த நிகர நன்மை 3,710 கோடி டொலர் என்று 2014இல் எழுதினார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது வீண் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தால் போதும்.

சிவப்பு ஆடை

டொக்டர்களின் கண் திறந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். பெண்களின் கண் திறக்க வேண்டாமா? 1997இல் அமெரிக்க இதயச் சங்கம் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டது. பெண்களை அதிகமாகக் கொல்லும் நோய் எது? இதய நோய் என்று சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 30 பேர் மட்டுமே.

1999இல், நாற்பதுகளிலேயே மாரடைப்புக்கு ஆளாகிப் பிழைத்த மூன்று பெண்கள் ஒன்று சேர்ந்து தம்மைப் போன்றவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2002இல் அமெரிக்க அரசின் தேசிய இதய நிறுவகம் 'இதயத்தின் உண்மை' என்ற பெயரில் ஒரு பிரசார இயக்கத்தை ஆரம்பித்து, அடுத்த வருடம் சிவப்பு ஆடை ஒன்றை அதன் சின்னமாக அறிவித்தது. நியூயோர்க்கின் ஆடைக் காட்சியில் பிரபல பெண்கள் சிவப்பு உடுத்தி வந்தார்கள். அப்போதைய ஜனாதிபதியின் மனைவி லோரா புஷ் அந்த இயக்கத்தின் தூதுவரானார். பெப்ரவரி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சிவப்பு அணியும் நாளாயிற்று. 2004இல் இதயச் சங்கமும் 'பெண்களுக்காகச் சிவப்பாவோம்' என்ற தன் இயக்கத்தைத் தொடங்கியது.

ஆடைக் காட்சி மேடையில் நடந்து நோயைப் பற்றிப் பேசுவது நமக்கு ஒவ்வாத வழிதான். ஆனாலும் அவர்கள் பிடித்த நாடி சரியான நாடி. வெளித் தோற்றத்துக்கு எவ்வளவோ பார்த்துப் பார்த்துச் செய்யும் பெண், உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில்தான் தட்டினார்கள். இலட்சக்கணக்கில் தானம் செய்யக்கூடியவர்களை மட்டும் அவர்கள் நம்பியிருக்கவும் இல்லை. மேசீஸ் என்ற பெரிய துணிக்கடைக் கம்பனி தன் கிளைகளில் சிறு சிவப்பு ஊசிகளை விற்றது. ஓரிரு டொலர் கொடுத்து வாங்கிக் குத்திக் கொண்டால் வாங்கும் சாமானுக்கு விலைக்கழிவு. சிறு துளிகள்! ஊர் ஊராகப் பகல் விருந்துகள் வைத்துப் பெண்களே பெண்களிடம் பணம் சேர்த்தார்கள்.

பெருந்தொகை கொடுத்தவர்களும் இருந்தார்கள். நான் மேலே சொன்ன யென்டில் கதை 1983இல் திரைப்படமானபோது அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட். அவரேதான் பின்னாளில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் சீடர்ஸ் சைனாய் ஆஸ்பத்திரியிலுள்ள பெண்கள் இதய நிலையத்துக்கு ஒரு கோடி டொலரைத் தன் பங்காகக் கொடுத்து, பிறரிடமும் திரட்டினார். 2012இல் அந்த நிலையத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். யென்டிலாக நடித்தவரே யென்டில் நோய்க்குறியைத் தீர்க்கப் பணம் சேர்த்ததை என்னவென்று சொல்வது!

கசப்பான பக்கமும் உண்டு. சீனி போடாத கோலா பானம் விற்கும் கம்பனி ஒன்றும் அந்தச் சிவப்பு ஆடையைத் தன் போத்தலில் போட்டு விளம்பரம் தேடிக் கொண்டது. நல்ல காரியத்துக்குப் பணம் வரும்போது அது யாருடைய பை, எதற்காகத் திறக்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

இத்தனையும் செய்து பலன் கிடைத்ததா? கிடைத்தது. 2009இல் அதே கேள்வியைக் கேட்டபோது நூற்றுக்கு 65 பெண்கள் சரியான பதிலைச் சொன்னார்கள். ஆனால் பத்து வருடம் கழித்து, 2019இல் மீண்டும் கேட்டபோது அது 44 ஆக இறங்கியிருந்தது. இளம் பெண்களிடமும் கறுப்பின, ஹிஸ்பானியப் பெண்களிடமும் வீழ்ச்சி மிக அதிகம். அதாவது, எந்த வீடுகளுக்குச் செய்தி மிகவும் தேவையோ அந்த வீடுகளிலிருந்துதான் அது முதலில் வெளியேறியிருக்கிறது. எனக்கு இந்த 44 என்ற எண் அந்த முதல் 30ஐ விட அதிகக் கவலையைத் தருகிறது. தெரியாமல் இருந்தது போய், தெரிந்து மறந்த நிலை இது. ஒரு தலைமுறைக்குச் சொன்னது அடுத்த தலைமுறைக்குத் தானாகப் போய்ச் சேராது.

'வாயு' என்று சொல்லும் முன்

இந்த இயக்கத்துக்காக 2011இல் நடிகை எலிசபெத் பாங்க்ஸ் சில நிமிடங்களே ஓடும் ஒரு குறும்படத்தை எடுத்து நடித்தார். காலை நேரம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் அவசரத்தில் ஒரு தாய். தாடை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது. அவளோ பிள்ளைகளுக்கு உணவு கட்டிக் கொண்டிருக்கிறாள். மகன் கையடக்கத் தொலைபேசியில் பார்த்து, உங்களுக்கு மாரடைப்பு என்று சொன்ன பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நோன்பு காலத்து அஸர் நேரத்தில் நம் குசினிகளில் நடப்பதும் இதுதானே? கஞ்சி அடுப்பில், சமோசா எண்ணெயில். நெஞ்சை அடைக்கிறது என்று சொல்ல யாருக்கு நேரம்? சொன்னாலும் 'வெறும் வயிறு, வாயுவாக இருக்கும்' என்பதுதான் பதில்.

படத்தில் மட்டுமல்ல. 2012 ஒகஸ்டில் ரோசி ஓடொனல் என்ற பிரபல தொலைக்காட்சி நடிகைக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு வந்தது. ஒருவரைத் தூக்கிவிட்டதால் தசை பிடித்துக் கொண்டது என்றே அவர் நினைத்தார். விளம்பரத்தில் பார்த்த ஞாபகத்தில் ஓர் அஸ்பிரினைப் போட்டுக் கொண்டு படுத்து விட்டார். மறுநாள்தான் டொக்டரிடம் போனார். இதயத்தின் முக்கிய நாடி நூற்றுக்கு 99 வீதம் அடைபட்டிருந்தது. பிழைத்தார், அதன் பின்னர் மேடைகளில் தன் கதையைச் சொல்லியே பெண்களை எச்சரித்து வந்தார். காசும் வசதியும் பெரிய ஆஸ்பத்திரிகளும் பக்கத்திலிருந்த பெண்ணே ஒரு நாள் தாமதித்தாள் என்றால் நம்மைப் பற்றி என்ன சொல்வது?

பெண்களுக்கு நெஞ்சு வலியே வராது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பெண்களுக்கும் மிகப் பொதுவான அடையாளம் நெஞ்சு வலிதான். நெஞ்சை அழுத்துவது போல, இறுக்கிப் பிடிப்பது போல, பாரம் ஏற்றி வைத்தது போல இருக்கும். குத்தும் வலியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் ஆண்களை விடப் பெண்களுக்கு அதனோடு சேர்ந்து வேறு சிலவும் அதிகம் வருகின்றன. மூச்சுத் திணறல், வாந்தி அல்லது குமட்டல், முதுகிலும் தாடையிலும் கழுத்திலும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்று, காரணமில்லாத கடும் களைப்பு. வழக்கமாக ஏறும் மாடிப்படியை இந்த வாரம் ஏற முடியவில்லை என்றால் அது வயது மட்டும்தானா என்று கேளுங்கள். நெடுங்காலம் சீனி வியாதியுள்ளவர்களுக்கு வலி மழுங்கிப் போய், மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் மட்டுமே அடையாளமாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சு வலியோடு போன பெண்ணுக்கு அஞ்சியோகிராம் செய்து, பெரிய நாடிகளில் அடைப்பு இல்லை, உங்களுக்கு ஒன்றுமில்லை, மனக் கவலைதான் என்று திருப்பி அனுப்புவது உலகெங்கும் நடந்து வந்தது. 1996இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஓர் ஆய்வு, இத்தகைய பெண்களில் பலருக்கு மயிரிழை போன்ற சிறு நாடிகள் சரியாக விரியாததால் இதயத்துக்கு இரத்தம் போதாமல் போகிறது என்று காட்டியது. வலி உண்மை, படத்தில் தெரியாதது நாடியின் குற்றமே தவிர அவளுடைய கற்பனை அல்ல. ஆகவே ஒருமுறை 'ஒன்றுமில்லை' என்று சொன்ன பின்னரும் வலி தொடர்ந்தால் மீண்டும் போங்கள். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, நடந்தால் கூடுகிறதா என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள். டொக்டருக்கு முன்னால் கணவரோ மகனோ பேசட்டும் என்று மௌனமாக இருந்து விடாதீர்கள். வலி உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நிமிடமும் ஒரு கூச்சமும்

இலங்கையின் அரச ஆஸ்பத்திரிகளில் நிகழும் மரணங்களுக்குப் பல வருடங்களாக முதற்காரணமாக இருப்பது மாரடைப்பு வகை இதய நோயே. 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் இலங்கையும் இருந்தது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 59 என்று அது கண்டது. நமக்கு அவகாசம் குறைவு என்றே அர்த்தம்.

அடைபட்ட நாடியை மருந்தினாலோ ஸ்டென்டினாலோ திறக்கும் வரை, ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக் கொண்டிருக்கும். செத்தது மீண்டும் வளர்வதில்லை. எனவே நெஞ்சு வலி வந்து சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றால் 1990க்கு அழையுங்கள். 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. கட்டணம் இல்லை. மகன் வேலையிலிருந்து வரட்டும், கணவர் இஷா தொழுதுவிட்டு வரட்டும், முச்சக்கர வண்டி பிடிக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பெண் தனியாகப் போவதெப்படி என்ற தயக்கமும் வேண்டாம். பக்கத்து வீட்டு ராத்தாவைக் கூப்பிட்டுக் கொள்ளுங்கள்.

சங்கடமான ஒரு விஷயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். இதயம் நின்று விழுந்தவரின் நெஞ்சை இரு கைகளாலும் அழுத்தி உயிரைப் பிடித்து வைக்கும் முதலுதவி இருக்கிறதல்லவா? பொது இடங்களில் விழுந்த ஆண்களில் நூற்றுக்கு 45 பேருக்கு அந்த உதவி கிடைத்தது, பெண்களில் 39 பேருக்கே கிடைத்தது என்று அமெரிக்க ஆய்வொன்று 2018இல் கூறியது. அந்நியப் பெண்ணின் மார்பில் கை வைப்பதா என்ற கூச்சம் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவிலேயே அப்படியென்றால் நம் ஊர்களில் எப்படியிருக்கும்? நிர்ப்பந்த நிலை, விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது நமது ஃபிக்ஹு அறிஞர்கள் எல்லோரும் அறிந்த விதி. உயிர் போகும் வேளையை விட நிர்ப்பந்தம் வேறு எது? ஆனாலும் இதற்கு இன்னும் நல்ல வழி, பெண்களே அதனைப் பழகிக் கொள்வது. வீட்டில் விழுபவளின் பக்கத்தில் பெரும்பாலும் இருப்பது மகளோ மருமகளோதான். பெண்கள் மத்ரஸாவிலும் பாடசாலையிலும் ஒரு பின்னேரத்தில் சொல்லிக் கொடுக்கக் கூடிய விஷயம் இது.

பிள்ளைப் பேறு கண்ட பெண்களுக்கு மட்டுமே உரிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிச் சிறுநீரில் புரதம் போனவர்களுக்கும், அப்போது சீனி கூடியவர்களுக்கும் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். பிள்ளை பிறந்ததும் பிரஷரும் சீனியும் இறங்கிவிடும். எல்லாம் சரியாகி விட்டது என்று மறந்து விடுவோம். 2011இல் அமெரிக்க இதயச் சங்கம் தன் வழிகாட்டலில் இதனையும் ஆபத்துக் காரணமாகச் சேர்த்துக் கொண்டது. சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதான பெண்களும் கவனமாயிருக்க வேண்டும். அது வெளியே தெரியாமலிருந்து கர்ப்ப காலத்தில்தான் தலை காட்டும். நம் நாட்டில் தாய்மார் மரணத்துக்குரிய முக்கிய காரணங்களில் இதய நோயும் ஒன்று என்பதால், குடும்ப நல உத்தியோகத்தரிடம் இதை மறைக்கவே கூடாது.

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்காக 1996 முதல் எம்.ஓ.எச். அலுவலகங்களின் கீழ் 'சுவநாரி' கிளினிக் நடத்தப்படுகிறது. பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள். மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிப்பார்கள். செலவில்லை. உணவைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள், அதனால் நீட்டவில்லை. உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். வீட்டு வேலையே போதாதா என்று கேட்பீர்கள். அடுப்படியில் நின்று களைப்பது வேறு, இதயம் வேகமாக அடிக்க நடப்பது வேறு. சுபஹுக்குப் பின் நாலு பெண்கள் சேர்ந்து நடந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் சொல்லட்டும். றமழானில் குளிசைகளை ஸஹரிலும் இஃப்தாரிலும் போடும்படி மாற்ற முடியுமா என்பதை ஷஃபான் மாதத்திலேயே டொக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நீங்களாகவே நிறுத்தி விடாதீர்கள்.

இனிப் பணத்தைப் பற்றி. நம் சமூகம் கொடுக்காத சமூகம் அல்ல. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் வாயிலில் ஒரு குடும்பத்தவர் டொக்டரின் கடிதத்தோடு நிற்பார்கள். பைபாஸ் ஒபரேஷன், இத்தனை இலட்சம் வேண்டும், அரச ஆஸ்பத்திரியில் காத்திருக்க நாள் இல்லை. விரித்த துணியில் நோட்டுகள் விழும். அல்ஹம்துலில்லாஹ், அதனால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதங்களில் எத்தனை பெண்களுடையவை என்று கவனித்திருக்கிறீர்களா? குடும்பத் தலைவருக்காக ஊரிடம் கேட்கலாம், உம்மாவுக்காகக் கேட்கக் கூச்சம் என்ற நிலை சில வீடுகளில் உண்டு. உம்மாவே 'எனக்காக வேண்டாம் மகன், தங்கச்சியின் கலியாணத்துக்கு வைத்திரு' என்று சொல்லித் தடுத்து விடும் வீடுகள் அதைவிட அதிகம்.

நோய் முற்றிய பிறகு கொடுப்பதற்கு நமக்குத் தெரிந்திருக்கிறது. முற்றாமல் இருக்கக் கொடுப்பதற்கு இன்னும் பழகவில்லை. அமெரிக்கப் பெண்கள் ஓரிரு டொலர் ஊசியில் தொடங்கினார்கள். நம் ஊர் மாதர் சங்கம் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றும் சீனி பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கி வைத்து, பெண்களுக்கான பயான் நடக்கும் நாளில் வாசலிலேயே பார்த்து ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தால் என்ன? ஓய்வு பெற்ற தாதி ஒருவர் பெரும்பாலான ஊர்களில் இருப்பார். அவரிடம் போய்க் கேளுங்கள். பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் வருபவர்களின் பெயரைத் தனியாகக் குறித்து, அவர்கள் கிளினிக்குக்குப் போனார்களா என்று அடுத்த மாதம் விசாரிக்க வேண்டும். விசாரிக்காவிட்டால் அளந்தும் பயனில்லை. இதற்கு எவ்வளவு செலவாகும், சென்ற வருடம் ஊரில் ஒபரேஷன்களுக்காகச் சேர்த்த தொகை எவ்வளவு என்று உங்கள் பள்ளிவாசல் நிர்வாக சபையின் செயலாளரிடம் வீட்டு ஆண்கள் மூலமாகக் கேட்டனுப்புங்கள். கணக்குப் புத்தகம் அவரிடம் இருக்கிறது.